சுவரில் தூக்கிய இருபத்தோராம் நம்பர்

எழுபதுகளில் என் கணவர் கனடாவில், ஸ்காபரோவில் அட்டைப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கோடையில் தொழிற்சாலைகளுக்கிடையே பேஸ்போல் போட்டி நடக்கும். இவர்களுடைய அணி தோற்பதற்கென்றே பிறந்த அணி. அதைக் கட்டி மேய்க்க ஒரு வெள்ளைக்காரனும் முன்வராதபடியால்தான் என் மனுசன் மனேஜர் ஆனார்.

பேஸ்போலில் ஒரு கூத்து: மனேஜரும் விளையாடுகிறவர்களைப் போலவே நம்பர் போட்ட சேட்டு அணிய வேண்டும். தொந்தியைத் தள்ளிக்கொண்டு, இருபத்தோராம் நம்பர் சேட்டோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றவரைப் பார்த்து நான் வயிறு நோகச் சிரித்தேன். அவர் கோபிக்கவில்லை. அந்தச் சேட்டைத் தோய்க்க என்னையும் விடமாட்டார். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் ஃபோர்மன் அவரை "ஏய்" என்றுதான் கூப்பிடுவான். சனிக்கிழமை அந்தச் சேட்டில் நின்றால் மட்டும் அவர் சொல்லுக்கு அணிப் பெடியன்கள் ஓடுவார்கள், நிற்பார்கள். அவருக்கு இந்த நாட்டில் இருந்த மரியாதை அவ்வளவுதான்.

மூன்றாம் கோடையில் அணி வெல்லத் தொடங்கியது. உடனே ஃபோர்மனுக்கு மனேஜர் ஆசை வந்துவிட்டது.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு விருந்து வைத்தார்கள். இருபத்தோராம் நம்பருக்கு ஓய்வு கொடுக்கிறார்களாம். இனி அதை யாரும் அணிய மாட்டார்கள். சேட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சாப்பாட்டறைச் சுவரில் மாட்டுவார்கள். முந்திய மனேஜர்கள் இரண்டு பேரின் சேட்டுகள் ஏற்கெனவே அங்கே தொங்கின. ஒருவர் செத்துவிட்டார், மற்றவர் வன்கூவருக்குப் போய்விட்டார்.

"இஞ்சாருங்கோ, போன ஆக்களின்ரயைத்தானே உதில தூக்கி வைச்சிருக்கு. உங்கட சேட்டை ஏன் தூக்கினம்?"

"உமக்கு உது விளங்காது. எவ்வளவு பெரிய மரியாதை தெரியுமே! இனி ஒருத்தனும் என்ர நம்பரைத் தொடேலாது."

எங்களுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களையும் விருந்துக்குக் கூப்பிட்டார். நான் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். ஃபோர்மன்தான் நிறையச் சாப்பிட்டான்.

பனி கரைந்ததும் பயிற்சிக்குப் போனவர், போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"என்ர சேட்டைக் கேட்டனான். அதை இனி ஒருத்தரும் போடக்கூடாது, மேடையில சொன்னனாங்கள்தானே எண்டு ஃபோர்மன் சிரிக்கிறான்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"வேற நம்பர் ஒண்டு தாங்கோ எண்டனான். ரீமுக்கு ஒரு மனேஜர்தானாம். இனி அவன்தானாம்."

அட கோதாரி விழுவானே! மாலை போட்டுக் கழுத்தை அறுத்திருக்கிறான். இவர் கழுத்தையும் நீட்டிக்கொடுத்து, நன்றியுரையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். சாப்பிடாமல் எழுந்து போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

ரோசமுள்ள மனுசன் என்றால் பிறகு அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார். இவரோ சனிக்கிழமை தவறாமல் என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வருகிறவர்களின் பலகைப்படியில் குந்துவார். சேட்டு இல்லாதவருக்கு அணி உட்காரும் வாங்கில் இடமில்லை. அந்த வெட்கங்கெட்ட ஃபோர்மன் கம்பிவேலிக்கு வந்து, யாரை முதலில் பந்தடிக்க விடலாம் என்று இவரிடமே கேட்பான். இவரும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுப்பார்.

"வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோவன்!"

"பெடியள் தோக்கக்கூடாதெல்லோ அப்பா."

பெடியன்கள் தோற்கவில்லை. அந்த வருடம் கோப்பையை எடுத்தார்கள். எல்லாரும் புல்லில் கூடி நின்று படத்துக்கு ஆயத்தமானபோது ஃபோர்மன் இவரைப் பார்த்துக் கையசைத்தான். இவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, தலையைத் தடவிக்கொண்டு ஓடினார். பாவி நானும் ஆசைப்பட்டு எழும்பி நின்றேன்.

ஃபோர்மன் அவர் கையில் கமராவைக் கொடுத்துவிட்டு, போய் நடுவில் நின்றான்.

இவர் எடுத்தார். எடுத்துவிட்டு, ஒருவன் கண்ணை மூடிவிட்டானென்று எல்லாரையும் திரும்ப நிற்கச் சொல்லி இன்னொன்றும் எடுத்தார்.