இரண்டு நிமிடத்தில் விட வேண்டிய கேள்வி

பொறியியல் நுழைவுத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். இரண்டும் பன்னிரண்டாம் வகுப்பு படித்த அதே வருடத்தில்தான், ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. இரண்டில் எது கூடுதலோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஜனவரியில் வந்த மதிப்பெண்ணின் பொருள் என் வீட்டில் வேறு யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அதை வைத்துக்கொண்டு நான் நினைத்திருந்த எந்த அரசுக் கல்லூரியிலும் நுழைய முடியாது.

எனக்குக் குழப்பமாக இருந்தது வேறு விஷயம். நான் படிக்காமல் இருக்கவில்லை. அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் மூன்று பாடங்களின் எல்லா அத்தியாயங்களையும் எழுதி ஒட்டியிருந்தேன். ஒன்றை முடித்தால் ஒரு பச்சைக் கோடு, திருப்பிப் பார்த்தால் இன்னொரு பச்சைக் கோடு. டிசம்பர் கடைசியில் வெள்ளையே தெரியவில்லை. சேலை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அம்மா, "கதவத் தொறந்தா காடு மாதிரி இருக்குது" என்பார்.

ஜனவரி முடிவு வந்த வாரமே அப்பா, மதுக்கரையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் உள்ள ஒரு தனியார் கல்லூரிக்குப் போய் எனக்கு ஓர் இடம் சொல்லிவைத்துவிட்டு வந்தார். எங்கள் பங்குக் கோயிலுக்கு ஞாயிறு பூசைக்கு வருகிற ஒருவர் அங்கே அலுவலகத்தில் இருக்கிறார்.

"பரவால்ல உடு கண்ணு. காலேஜ் பஸ்ஸு நம்ம முக்குலயே நிக்குதாமா. காலைல இட்லி தின்னுபோட்டு ஏறுனா, பொழுதோட ஊடு வந்து சேந்துக்கலாம்."

அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு வேறோர் ஊரில், விடுதியில் தங்கி, ஓர் அரசுக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்று இருந்தது. அதற்கு ஏப்ரல் தேர்வுதான் பாக்கி. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதுவதெல்லாம் எங்கள் வீட்டில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

பச்சைக் காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டியல் போட்டேன். இந்த முறை படித்தவற்றை எழுதவில்லை, ஜனவரியில் என்னென்ன தவறின என்பதை எழுதினேன். தேர்வு கணினித் திரையில் நடந்தது, நான் பழகியதோ காகிதத்தில். தேர்வு காலை ஒன்பது மணிக்கு, நான் படித்ததெல்லாம் சாயங்காலத்தில். தேர்வு அறையில் சுற்றிலும் கணினி மவுஸ்கள் கிளிக் கிளிக் என்று அடித்துக்கொண்டிருந்தன, நானோ வீட்டில் மிக்ஸி ஓடினால்கூடக் கோபப்படுவேன். நான்காவதாக, 'நேரம் போதவில்லை' என்று எழுதினேன். அதற்கு எதிரே காரணம் எழுதும் கட்டத்தை நிரப்பத் தெரியாமல் காலியாக விட்டேன்.

வீட்டில் கணினி கிடையாது. மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்த மறுநாள், உக்கடம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுத் தருவார்கள். நான்கு கணினிகள் இருந்தன. கடையை நடத்துகிற அக்காவிடம், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு கணினி வேண்டும் என்றேன்.

"மூணு மணி நேரமா? கேம் வெளாடவா?"

"இல்லீங்க்கா. பரிச்சை எழுதறதுக்கு."

"எங்கடைல எவன் பரிச்சை வெச்சிருக்கறான்?" என்றார். விளக்கிச் சொன்னதும் மூலையில் இருந்த கணினியைக் காட்டினார். "ப்ரிண்டர் சத்தம் போடும். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

சத்தம்தான் எனக்கு வேண்டும் என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

இணையத்தில் ஒரு பயிற்சித் தளத்தில் முதல் மாதிரித் தேர்வு தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்காது. தோளில் யாரோ மெதுவாகத் தொட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.

"ஏனுங்க அம்மணி, இந்த ஆதார்ல எங்க ஊட்டுக்காரரு பேரு தப்பா உளுந்துருச்சுங்க. கொஞ்சம் பாருங்களேன்."

கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதால் என்னைக் கடைக்காரப் பெண் என்று நினைத்திருக்கிறார். நான் பார்த்தேன். படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். திரையின் மேல் மூலையில் நேரம் குறைந்துகொண்டே இருந்தது தெரிந்தது, கை நிற்கவில்லை. அவர் போனதும் புகைப்படத்தின் அளவைக் குறைக்கத் தெரியாத ஒரு கல்லூரி மாணவர் வந்தார். அதையும் செய்தேன். பன்னிரண்டு மணிக்குத் திரை தானாகவே மூடிக்கொண்டது.

"நீ பாட்டுக்கு வேலை செஞ்சு குடுத்துட்டு இருக்கற. எனக்கு ஆள் வேண்டாம், பாத்துக்க," என்றார் அக்கா.

"வந்து கேக்கறாங்க, என்னங்க்கா பண்றது?"

"இல்லீங்கன்னு சொல்லு."

"மொகத்துக்கு நேரா எப்படிங்க்கா சொல்றது?"

"அப்ப முதுகைக் காட்டிட்டுச் சொல்லு."

மூன்றாவது மாதிரித் தேர்வு முடிந்த அன்று, வழக்கம்போல இடையூறுகளைப் பட்டியல் போட்டேன். யார், என்ன கேட்டார், எத்தனை நிமிடம். மொத்தம் பத்தொன்பது நிமிடம். காரணம் அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். அதே தாளில், எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் செலவானது என்று பயிற்சித் தளம் காட்டிய கணக்கையும் எழுதினேன். இயற்பியலில் ஒரு கேள்விக்குப் பதினான்கு நிமிடம். இன்னொன்றுக்குப் பதினொன்று. கணிதத்தில் ஒன்றுக்குப் பதினாறு. மூன்றும் சேர்ந்து நாற்பத்தொன்று. அதில் ஒன்றுதான் சரி. கடைசிப் பதினேழு கேள்விகளை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவற்றைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பேருந்தில் வரும்போது போட்டுப் பார்த்தேன், ஒன்பது எளிதாக வந்தன.

வெளியாட்கள் எடுத்துக்கொண்டதைப்போல இரண்டு மடங்கு நேரத்தை நானே கொடுத்திருக்கிறேன். அந்த மூன்று கேள்விகளும் எனக்கு மிகவும் பிடித்த, இரண்டு பச்சைக் கோடு வாங்கிய அத்தியாயங்களிலிருந்து வந்தவை. தெரிந்த பாடம், வந்துவிட்டது, பாதி வழிகூடப் போய்விட்டேன். எழுந்து போவது எப்படி? வீட்டுக்கு வந்தவரைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புவது போல இருந்தது. கேள்விக்கு முகம் கிடையாது, அது வருத்தப்படாது என்பது தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். காலியாக இருந்த கட்டத்தில் 'விட முடியவில்லை' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு புதிதாக எதையும் படிக்கவில்லை. விடுவதற்கு மட்டும் பயிற்சி எடுத்தேன். விதி எளிது: இரண்டு நிமிடத்துக்குள் வழி தெரியாவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டும். முதல் நாள் கை போனது, மனம் போகவில்லை. விட்டுவந்த கேள்வியையே நினைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைத் தப்பாகப் படித்தேன். மறுநாள் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொண்டேன். விடும்போது, எங்கே மாட்டிக்கொண்டேன் என்பதை ஒரே சொல்லில் தாளின் ஓரத்தில் குறித்துவைப்பது. 'திசை', 'எல்லை', 'குறி' என்று. ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டால் என் மனம் நகரச் சம்மதிக்கிறது. ஏனென்று இன்னும் தெரியவில்லை. ஆனால் வேலை செய்தது.

ஐந்தாவது மாதிரித் தேர்வின்போது, கையில் நில ஆவணங்களோடு ஒருவர் வந்து நின்றார். "ஏனுங்க, இதக் கொஞ்சம்…"

"இல்லீங்ண்ணா. நான் பரிச்சை எழுதிட்டு இருக்கறனுங்க."

சொன்னதும் காது சுட்டது. அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. "அடடா! எழுதுங்க, எழுதுங்க" என்று இரண்டடி பின்னால் நகர்ந்தார். அதோடு போயிருக்கலாம். என் நாற்காலிக்குப் பின்னால் காவலுக்கு நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும், "சத்தம் போடாதீங்கப்பா, புள்ள பரிச்சை எழுதுது!" என்று பேருந்து நிலையம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அக்கா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்தார். அன்று சத்தத்துக்கும் நல்ல பயிற்சி கிடைத்தது.

தேர்வு ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் வந்தது. அம்மா தேர்வு மையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஜெபமாலையோடு உட்கார்ந்துகொண்டார். இயற்பியலில் ஏழாவது கேள்வி நிலைமின்னியல். பார்த்ததுமே தெரிந்தது, இது என்னுடைய கேள்வி. இரண்டு நிமிடம் போனது. பாதி வழி தெரிந்தது. ஓரத்தில் 'எல்லை' என்று எழுதிவிட்டு எட்டாவதற்குப் போனேன். அன்றுதான் முதல்முறையாக எழுபத்தைந்து கேள்விகளையும் கண்ணால் பார்த்தேன். கடைசியில் ஒன்பது நிமிடம் மிச்சம் இருந்தது. ஏழாவதுக்குத் திரும்பிப் போகவில்லை. சந்தேகமாக இருந்த மூன்று வேதியியல் விடைகளைச் சரிபார்த்தேன், ஒன்றை மாற்றினேன். பிறகு வீட்டில் ஏழாவதைப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டு நிமிடத்தில் சரியான விடை வந்தது.

தரவரிசை பிரமாதம் என்று சொல்ல முடியாது. மின்பொறியியல் கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. கலந்தாய்வின் நான்காவது சுற்றில், ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியில் உற்பத்திப் பொறியியல் வந்தது. அதைத்தான் இப்போது படித்து முடித்திருக்கிறேன், வருத்தம் இல்லை. இடம் வந்த அன்று அப்பா இரண்டு முறை ஊரின் பெயரைக் கேட்டார். குளிருமா என்று கேட்டார். அப்புறம், "சரி, போய்ட்டு வா சாமி" என்றார்.

ஆனால் பக்கத்துக் கல்லூரியில் சொல்லிவைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே. போனில் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று அப்பா மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நேரிலேயே கிளம்பினார். மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார்.

"சொல்லிட்டீங்களாப்பா?"

செருப்பை மெதுவாகக் கழற்றினார். "உக்கார வெச்சு டீ குடுத்தாங்க."

"சொன்னீங்களா, இல்லையா?"

"எப்படிக் கண்ணு சொல்றது? உன்னைய நல்லாப் பாத்துக்கறேங்கறாரு மனுசன். லேப்பெல்லாம் சுத்திக் காட்டுனாரு."

சமையலறையில் அம்மா சிரிப்பது கேட்டது. நான் போனை எடுத்தேன். இடம் வேண்டாமுங்க, வேற காலேஜ்ல சேர்றனுங்க, இத்தன நாள் வெச்சிருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க என்றேன். எதிர்ப்பக்கம், "அப்படீங்களா, சந்தோசமுங்க" என்றார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்பா அறை வாசலிலேயே நின்றிருந்தார். "கோவிச்சுக்கிட்டாங்களா?"

"இல்லீங்கப்பா. அந்த எடத்துக்கு இன்னொரு புள்ள ரெண்டு வாரமாக் காத்துட்டு இருக்குதாமா."

அப்பா சலவைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அப்படின்னா நான் காலைலயே சொல்லியிருக்கோணும்," என்றார்.