பதினோராவது வளைவு வரை ஒரு பேஸ் கிட்டார்

மேடையில் பேஸ் கிட்டார்காரன் ஒழுங்காக வாசித்தால் யார் காதிலும் விழாது. தப்பாக வாசித்தால் ஊருக்கே கேட்கும். வீடியோ பார்த்துக் கருவி பழகும் என் சக அவஸ்தைக்காரர்களே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஓர் இன்னிசைக் குழுவில் இடம் பிடிக்கப் பார்த்தவன் நான். குழுவை நடத்தும் முருகேசன் அண்ணன் ஓர் அம்மன் பாட்டைக் கொடுத்து, "சிலமலைத் திருவிழால இத ஒழுங்கா வாசிச்சா நீ இருக்க. இல்லேன்னா பேஸுக்குத் தேனி ஆளுதான்" என்று சொல்லிவிட்டார்.

அரை வேகம்

அந்தப் பாட்டைப் பழகுவதற்கான வீடியோவில் பேஸ் தவிர எல்லாக் கருவியும் ஒலிக்கும். விட்ட இடத்தை நாம் வாசித்து நிரப்ப வேண்டும். அதில் இரண்டு வரி மட்டும் என் விரலுக்கு அடங்கவில்லை. அதை அரை வேகத்தில் வைத்து, மதியம் கடையிலேயே திரும்பத் திரும்ப வாசித்தேன். சாப்பிட்டுவிட்டு ஏலக்காய் பொறுக்க உட்கார்ந்த பேச்சியம்மாக்காவின் கையும் என் தாளத்துக்கு மெதுவாகிப் போனது. அது உறைத்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தாளத்துக்குப் பொறுக்கினா மூட்டை முடியறதுக்குள்ள அடுத்த காய்ப்பு வந்துரும் தம்பி."

ஜீப்பில் பாடம்

வாரம் இருமுறை லோடு எடுக்க ஜீப்பில் போடிமெட்டு ஏறுவேன். வழியெல்லாம் செல்போனில் வீடியோ ஓடும், விரல் தொடையில் வாசிக்கும். மலைப்பாதையின் பதினோராவது வளைவில் சிக்னல் போய் வீடியோ நின்றுவிடும். ஒரு மாதம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. முதல் பாதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பேன், பின்பாதி சுத்தமாகத் தெரியாது. ஜீப் ஓட்டும் பிஜு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்காரர்; எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"சேட்டா, பதினொண்ணாம் வளைவுல உங்க பாட்டு எறங்கிக்குது, நீங்க மட்டும் மேல வர்றீங்க."

ஒத்திகை

வீடியோவை முழுசாக இறக்கி வைத்து, பின்பாதியையும் பழகிக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். வீடியோவில் இருப்பவர்கள் யாருக்காகவும் நிற்பதில்லை. நானும் நிற்கவில்லை. பாடகி செல்வி ஒரு சொல்லைப் பிடித்து நிதானமாக இழுத்தார். நான் குனிந்த தலை நிமிராமல் கடைசி வரைக்கும் போய்விட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தப்பு இல்லை. ஆனாலும் முருகேசன் அண்ணன் அங்கேயே தேனி ஆளுக்குப் போன் போட்டு, திருவிழாவுக்குக் கிட்டாரோடு வரச் சொன்னார். காரணத்தைச் செல்விதான் என்னிடம் சொன்னார்.

"அண்ணே, நான் இன்னும் ரெண்டாவது சரணத்துல நிக்கிறேன். நீங்க வயரையே சுத்தி வச்சுட்டீங்க."

சிலமலை

தேனி ஆள் மேடைக்குப் பின்னால் தயாராக உட்கார்ந்திருந்தான். பாட்டின் நடுவில் முளைப்பாரி ஊர்வலம் வந்துவிட்டது. கடைசி முளைப்பாரி மேடையைத் தாண்டும்வரை பாட்டு நிற்கக் கூடாது, அது அந்த ஊர் வழக்கம். செல்வி கையைச் சுழற்றி, பாடிய இடத்தையே திரும்பப் பாடினார். எனக்கு அடங்காத அதே இரண்டு வரி.

பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கீபோர்டுக்காரர் தடுமாறினார், நான் தடுமாறவில்லை. அந்த இரண்டு வரியை எத்தனை மதியம் உருட்டியிருக்கிறேன். இந்தத் தடவை தலை குனியாமல் செல்வியின் வாயைப் பார்த்தே வாசித்தேன். அவர் இழுத்தால் நின்றேன், விட்டால் போனேன். மேடையை விட்டு இறங்கியதும் முருகேசன் அண்ணன் நேராகத் தேனி ஆளிடம் போனார்.

"மாப்ளே, சாப்ட்டுட்டு வெரசா கெளம்பு, பஸ்சு போயிரும்."

இப்போது எங்கள் குழுவின் எந்தப் பாட்டைக் கேட்டாலும் முழுசாக வாசிப்பேன், புதுப் பாட்டு என்றால் மட்டும் பதினோராவது வளைவு வரைக்கும்.