மூன்றாவது அறையில் விட்ட மீன்

கல்யாணமாகி வந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த பெயர் கண்ணாடிக்காரி. வைத்தவர் கணவனின் அண்ணன். வீட்டிலும் கடையிலும் அவர்தான் பெரியவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கல்யாணத்துக்கு முன் அவள் கண்ணாடிக் கடையில் வெட்டும் மேசையில் நின்றவள். அதைக் குத்திக்காட்டத்தான் இந்தப் பெயர். குத்தினால் குத்தட்டும் என்று கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்டாள். ஆள் அப்படி.

பெரியவருடையது வண்ண மீன் கடை. முன்னால் விற்பனை, பின்னால் ஜன்னலில்லாத ஓர் அறை. அண்ணன் கல்லாவில் உட்காருவார், தம்பி தொட்டி கழுவுவான். ஒழுகும் தொட்டிகளைச் சரிசெய்து கொடுக்கப் போன கண்ணாடிக்காரி, நாளடைவில் அந்தப் பின்னறையே கதி என்று ஆகிவிட்டாள். கறுப்பு ஏஞ்சல் மீன்களைக் குஞ்சு பொரிக்கவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்த மீனுக்கு ஒரு கெட்ட குணம், தான் இட்ட முட்டையைத் தானே தின்றுவிடும். அதனால் முட்டையைத் தனியே எடுத்துப் பொரிக்கவைப்பவர்கள்தான் அதிகம். இவளோ ஜோடியை மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தாள். பார்த்தவர்கள் எல்லாம் வேறு வேலை இல்லையா என்று கேட்டார்கள். கடைசியில் முட்டையைத் தின்னாத ஒரு ஜோடி அமைந்தது. ஆணும் பெண்ணும் முறைவைத்துக் காவல் நின்றன. முட்டையிட்ட இலையிலிருந்து நழுவி விழுந்த குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு போய் மறுபடி இலையிலேயே ஒட்டின. அதைப் பார்த்த அன்று அவள் உலை வைத்ததையே மறந்துவிட்டாள்.

பெரியவரும் வந்து பார்த்தார். இந்தக் குஞ்சுகள் வளர்ந்து நின்றால் பின்னறை அவளுக்கே, அவள் பேரிலேயே வியாபாரம் செய்துகொள்ளலாம் என்றார். போகிறபோக்கில் சொன்ன வார்த்தை. அவளுக்கோ அது பட்டா எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. நாள் முழுக்க மாடாய் உழைத்தும் தம்பி பெண்டாட்டி என்பதற்குமேல் ஒரு பேர் இல்லை. என்னுடையது என்று சொல்ல ஒன்றே ஒன்று வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அது பேராசையா என்ன?

மூலையில் கிடந்த ஆளுயர நீளத் தொட்டியை அவள் கேட்டு வாங்கினாள். அதை மூன்றாகத் தடுக்கத் திட்டம். முதல் அறை ஜோடிக்கு, நடு அறை வளரும் குஞ்சுகளுக்கு, மூன்றாவது அடுத்த ஜோடிக்கு. தண்ணீர் சுற்றிவரும் குழாய்க்கு முதலில் துளை வேண்டும். அடிக்கண்ணாடி சூடேற்றிக் கெட்டிப்படுத்திய ரகம். துளைக்கப் போனால் மொத்தமாகப் பொடிப்பொடியாகிவிடும். பின்கண்ணாடி சாதாரணம் என்று உறுதி செய்துகொண்டு அதில்தான் கைவைத்தாள். களிமண்ணால் சின்னதாக வரப்பு கட்டி, உள்ளே தண்ணீர் தேக்கி, வைரத்தூள் பதித்த குழல்முனையை முதலில் சாய்த்துப் பிடித்துத் தடம் போட்டு, பிறகு நிமிர்த்தினாள். அழுத்தவே மாட்டாள். டிரில்லின் கனமே போதும் என்பாள். வெள்ளைப் பாலாகக் கண்ணாடித்தூள் வழிந்துகொண்டே இருக்கும், கணவன் ஊற்றுக்குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

தடுப்புக் கண்ணாடிகளில் குஞ்சு நுழைய முடியாத சின்னத் துளைகளாக வரிசையாகப் போட்டாள். கடைசி அறையில் மோட்டார். அது குழாய் வழியாகத் தண்ணீரை முதல் அறைக்குத் தள்ள, தடுப்புத் துளைகள் வழியே தண்ணீர் சுற்றிவரும். தண்ணீர் மொத்தமும் ஒன்றாக இருந்தால் அதன் சூடும் சுத்தமும் சட்டென்று மாறாது, குஞ்சுக்கு நல்லது. அதில் இருக்கும் ஆபத்தையும் கணவனிடம் ஒருமுறைக்கு நாலுமுறை சொல்லியிருந்தாள். வெளி மீன் எதையும் இதில் விடக் கூடாது, ஒன்றுக்குச் சீக்கு வந்தால் மூன்று அறைக்கும் வந்த மாதிரிதான். அவன் தலையை ஆட்டினான். அவன் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

பசை காய்ந்து, தண்ணீர் நிறைத்து, ஜோடியை விட்டாள். முட்டை வந்தது, பொரிந்தது. நீந்தத் தொடங்கியதும் குஞ்சுகளை அடுத்த அறைக்கு மாற்றினாள். நடு அறை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகக் குஞ்சுகள். அந்தச் சமயம் பார்த்து அவளுடைய அம்மாவுக்கு ஆபரேஷன். மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து தினமும் சாயங்காலம் கணவனுக்குப் போன் செய்வாள். அம்மாவைப் பற்றி அவன் கேட்பான், மீனைப் பற்றி இவள் கேட்பாள். நல்லா இருக்கு என்பான்.

திரும்பி வந்து பின்னறைக் கதவைத் திறந்ததுமே நாற்றம் அடித்தது. மூன்றாவது அறையில் பளபளவென்று வட்ட மீன்கள். புதிதாக இறங்கிய சரக்கு. அவற்றின் உடம்பில் வெள்ளைச் சளி. முதல் அறையில் அவளுடைய ஜோடி செட்டையை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றது. நடு அறையின் அடியில் குஞ்சுகள் சருகாகக் கிடந்தன. மருந்து, உப்பு, வேறு தண்ணீர் என்று தெரிந்ததையெல்லாம் செய்தாள். மறுநாள் ஆண் போயிற்று. பெண் அது கிடந்த இடத்தையே சுற்றிச்சுற்றி வந்து, சாயங்காலத்துக்குள் அதுவும் போயிற்று. அவள் பச்சைப்பிள்ளை மாதிரி அழுதாள்.

பெரியவர் அசரவில்லை. கடையில் இடமில்லை, அதனால் விட்டேன் என்றார்.

"நடுவுல கண்ணாடி இருக்குல்ல? அந்தப் பக்கம்தானே விட்டேன்."

"கண்ணாடி மீனுக்குத்தான் அத்தான். தண்ணிக்கு இல்ல."

"அதுல ஓட்டை போட்டது நானா?"

அவர் மனைவி சிரித்துவிட்டாள். கடையில் வேலை பார்ப்பவர்களும் சிரித்தார்கள். பின்னறைப் பேச்சு அத்தோடு முடிந்தது. வாக்குக் கொடுத்தவருக்கு அது நினைவில் இருந்ததாகவே தெரியவில்லை. போகட்டும், தெரியாமல் செய்த மனுஷன் என்று கண்ணாடிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். தொட்டியைக் காலிசெய்யும்போதுதான் கணவனிடம் கேட்டாள், அந்த மீன்களை என்றைக்கு விட்டார் என்று. நீ போன மறுநாள் என்றான்.

"நீங்க பார்த்தீங்களா?"

"நான்தான் பெட்டியைப் பிடிச்சேன்."

"நான் சொன்னது ஞாபகம் இல்லையா?"

"இருந்துச்சு. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"சரி, அவர்கிட்ட வேண்டாம். மோட்டாரை நிறுத்திட்டு ஜோடியை ஒரு வாளியில எடுத்து வெச்சிருக்கலாம்ல? நான் தினமும் போன் பண்ணேனே, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

நீ அங்கே அம்மாவோடு இருந்தாய், எதற்குக் கஷ்டப்படுத்துவது என்று நினைத்தேன் என்றான். நல்லவன்தான், யாரும் குறைசொல்ல முடியாது. அண்ணனையும் நோகடிக்கவில்லை, பெண்டாட்டியையும் நோகடிக்கவில்லை. செத்தது மீன் மட்டும்தான் என்று அவன் நம்பினான்.

அவள் சண்டை போடவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவும் இல்லை. அடுத்த மாதமே பழைய கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். யார் யாருடைய தொட்டிக்கோ இப்போது துளை போட்டுக் கொடுக்கிறாள், தனக்கென்று ஒரு மீனையும் வளர்ப்பதில்லை. வேலை முடிய நேரமாகும் நாட்களில் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்வாள். கணவன்தான் எடுப்பான். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள், சாப்பிட்டாள், நல்லா இருக்கிறாள் என்பான்.

"போனை அவகிட்ட குடுங்க" என்பாள்.