மச்சினனிடம் கேட்காத கேள்வி

கடைக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஏன் சார்'. பழைய வீடியோ கேம்களை வாங்கி விற்கும் கவுண்டரில் பத்தொன்பது வருடம் நின்றவர். யார் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் டிஸ்க்கைப் பார்க்கமாட்டார், ஆளைப் பார்ப்பார். "ஏன் விக்கிறீங்க?"

பதிலை வைத்துத்தான் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். "முடிச்சிட்டேன்" என்றால் நல்ல கேம். "பாதியில நின்னுடுது" என்றால் கீறல் விழுந்த டிஸ்க். "கூட விளையாட யாரும் வர்றதில்ல" என்றால் அந்த கேமுக்கான சர்வரை மூடிவிட்டார்கள். டிஸ்க்கின் மேல் டீ கிளாஸ் வைக்கலாம், அவ்வளவுதான்.

எக்ஸ்பான்ஷன் விஷயத்தில் இன்னும் கறார். கேம் வெளிவந்த பிறகு தனியாக விற்கும் கூடுதல் பகுதி அது, மூல கேம் இல்லாமல் ஓடாது. அதை மட்டும் கேட்டு வந்த ஒருவரிடம், "சட்டை இல்லாம பட்டன் மட்டும் வாங்கி எங்க சார் தைக்கப் போறீங்க?" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

முதலாளி இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "மூணு மாசம் பாக்குறேன். இந்த கேம் மூலை ஓடலைன்னா இங்க போன் கவர்தான். நீயும் கவர் மாட்டிக்கிட்டு நில்லு."

அந்த வாரம்தான் மனைவியின் தம்பி மூன்று அட்டைப்பெட்டிகளோடு வந்தான். கேம் கம்பெனியில் அவனுக்கு வேலை, வெளியாகும் முன் விளையாடிப் பார்த்துப் பிழை பிடிப்பது. பெட்டிகளில் பழைய போர் கேம் ஒன்றின் எக்ஸ்பான்ஷன்கள், சீல் பிரிக்காமல் எழுபது. மூல கேம் எல்லாக் கடையிலும் கிடைக்கும். இவை எங்கும் கிடைக்காது. தேடி வந்தவர்களின் போன் நம்பர்களையே கவுண்டரில் ஒட்டி வைத்திருந்தார்.

"ஆபீஸ்ல தூக்கிப் போட இருந்தாங்க மாமா. அப்பவே எடுத்து வச்சேன். வேற கடைக்குப் போகல, நேரா உங்ககிட்டதான்."

"வயித்துல பால வார்த்த மாப்ள!"

ஏன் விற்கிறாய் என்று கேட்கவில்லை. வீட்டு ஆளிடம் எப்படிக் கேட்பது? மூன்று மாதத்துக்குச் சரக்கெடுக்கக் கடை ஒதுக்கிய பணம் முழுவதையும் அதிலேயே போட்டார்.

பதினோராம் நாள் அறிவிப்பு வந்தது. அதே கேம் புது மெருகோடு மறுபடி வருகிறது, எல்லா எக்ஸ்பான்ஷனும் உள்ளேயே. ஒட்டியிருந்த நம்பர்களுக்குப் போன் போட்டால், "புதுசே வாங்கிக்கிறேன் சார்" என்றார்கள். சீல் பிரிக்காத பெட்டியை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்கள் நான்கு பேர் ஆளுக்கொன்று வாங்கினார்கள். மீதி அறுபத்தாறும் அப்படியே கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்கு வந்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"எட்டு மாசமா அதத்தான் மாமா டெஸ்ட் பண்றேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க."

"என் தலையில கட்டச் சொல்லியும் கையெழுத்து வாங்கினாங்களா?"

"நீங்க கேக்கவே இல்லையே மாமா. ஊருல எல்லாரையும் கேப்பீங்களாமே!" சிரித்தான்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சொல்லியிருந்தா அவன் வேலை போயிருக்கும்ங்க."

"ஆமா. இப்பப் பாரு, ஒருத்தன் வேலையும் போகல. நான் கவர் மாட்டப் போறேன்."

மூன்று மாதம் முடியும்வரைகூட முதலாளி காத்திருக்கவில்லை. கம்பிகளில் கவர்கள் தொங்கின. அறுபத்தாறு பெட்டிகளும் கவுண்டருக்குப் பின்னால், அவர் உட்கார முக்காலியாக.

ஒரு மதியம் மச்சினன் கடைக்கே வந்தான். கையில் அந்தப் புது கேம்.

"கம்பெனியில ஆளுக்கொண்ணு குடுத்தாங்க. உங்களுக்குன்னு எடுத்துட்டு வந்தேன். சும்மா சொல்லுங்க மாமா, இத ஒருத்தர் காசு குடுத்து வாங்கலாமா?"

கை தானாகவே பெட்டியைத் திருப்பியது. பின்னட்டையைக் கடைசி வரிவரை படித்தார்.

"வாங்கலாம். ஒண்ணும் விட்டுப்போகல."

பெட்டியைக் கவுண்டர் கண்ணாடி மேல் வைத்து, அவன் பக்கம் தள்ளினார். ஆளைப் பார்த்தார்.

"ஏன் குடுக்குற?"

கம்பிகளில் தொங்கிய கவர்களை அவன் பார்த்தான். அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் போனை நீட்டினாள்.

"இந்த மாடலுக்குக் கறுப்புல இருக்கா?"

"இருக்கும்மா" என்று பெட்டிகளின் மேலிருந்து எழுந்தார்.