எத்தனை பல் வேண்டும்?

போன சனிக்கிழமை, காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றும் ஒரு கடையில் எனக்குப் பொருள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கடைப் பக்கம் பார்த்தாலே கும்பிடத் தோன்றுகிறது. ஏன் என்கிறீர்களா?

என் மனைவி வீட்டில் டியூஷன் எடுக்கிறார். பிள்ளைகள் உட்கார நீளமாக ஒரு பெஞ்ச் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு லாரிக்காரர் தன் வண்டிக்குப் புது பாடி கட்டினார். "பழைய பலகை சும்மா வெயில்ல கெடக்குதுங்க, எடுத்துக்கங்க" என்றார். நாமக்கல்லில் குடியிருந்துகொண்டு லாரிப் பலகையை வேண்டாம் என்பார்களா? உற்சாகத்தில், கையில் பிடித்து அறுக்கிற சர்க்குலர் ரம்பம் ஒன்றும் வாங்கிவிட்டேன்.

அதற்கு நல்ல பிளேடு வாங்கத்தான் திருச்செங்கோட்டில் ஒரு டூல்ஸ் கடைக்குப் போனேன். கல்லாவில் முப்பத்தைந்து வயதுப் பெண். சுவர் நிறைய பிளேடுகள் தொங்கின. இருப்பதிலேயே பல் அதிகமான அறுபது பல் பிளேடைக் காட்டினேன். சீப்பு வாங்குகிற அறிவுதான்... நெருக்கமாக இருந்தால் நல்லது.

"என்னத்தைங்ணா அறுக்கப் போறீங்க?"

"மரந்தாங்க."

"நீளவாக்குலயா, குறுக்கயா?"

"நீளவாக்குல. பழைய லாரி பாடிப் பலகைங்க."

கையில் எடுத்த பிளேடைத் திரும்ப மாட்டிவிட்டார். "அப்ப இதைத் தர மாட்டனுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "விக்கத்தானே வச்சிருக்கீங்க?" என்றேன்.

"அறுபது பல்லு பிளைவுட்டுக்குங்ணா. தடிப் பலகைய அதுல நீளமா அறுத்தா சூடாயிப் பொகையும், மெஷின் பின்னால உதைக்கும். உங்களுக்கு இருவத்திநாலு பல்லு போதும். ஆனா அதுவும் இன்னைக்கு இல்லீங்க. லாரிப் பலகைக்குள்ள ஆணி ஒடஞ்சு நிக்கும். அதுல பட்டா பிளேடு பல்லு மொகத்துக்குத் தெறிக்கும்."

உள்ளே ஸ்டாக் அடுக்கிக்கொண்டிருந்தவரைக் காட்டினார். "எங்க ஊட்டுக்காரரு. தச்சு வேலை செஞ்சவரு. வலது கண்ணு அப்படித்தான் போச்சுங்க."

அவர் திரும்பிப் பார்த்து, "வாங்க சார்" என்று சிரித்தார். சற்றுமுன் பேசியதை அப்படியே விழுங்கிவிடலாம் போல இருந்தது எனக்கு.

அந்தப் பெண் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொடுத்தார். பலகை முழுக்க நகர்த்த வேண்டும். இழுக்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். அத்தனை ஆணியையும் பிடுங்கிவிட்டு வந்தால்தான் பிளேடு என்றார்.

வீட்டில் நான் காந்தத்தை நகர்த்த, மனைவி வட்டம் போட்டார். கண்ணுக்கு வழவழவென்று தெரிந்த ஒரே பலகையில் பதினொரு வட்டம். அதில் நான்கு, நான் அறுக்கக் கோடு போட்டிருந்த இடத்திலேயே. குறடு எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

திங்கட்கிழமை ஆணிகளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். இருபத்திநாலு பல் பிளேடை எடுத்தார். என் மெஷின் சுற்றுகிற வேகத்தை அந்த பிளேடு தாங்குமா என்று அதில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தார். கண்ணுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடியையும் சேர்த்து வைத்தார்.

"ரொம்ப நன்றிங்க" என்றேன்.

"பெஞ்சு முடிஞ்சதும் போட்டோ அனுப்புங்ணா. அவரு பாக்கோணும்பாரு."

நமக்குப் பொருள் விற்க ஆயிரம் பேர் உண்டு. நமக்காக விற்க மறுக்கிறவர் எத்தனை பேர்?

பெஞ்சுக்கு ஒரு கால் லேசாக ஆடுகிறது. ஆடட்டும்... இந்தப் பத்தியை இரண்டு கண்ணாலும் படித்துப் பார்த்துத்தான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.