மோப்பம் "சுத்தம்" என்றால் சுத்தம்

என் தங்கையின் கணவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எங்கள் தெருவில் அவர் மோப்பம். பழைய கார்களின் பெட்ரோல் டேங்க் ஒழுகினால் அடைத்துக் கொடுப்பது அவர் தொழில். பக்கத்துக் கடையில் கார் சீட் தைப்பது என் தொழில். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு, அதில் ஆள் தலை உயரத்தில் ஒரு ஓட்டை. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஓட்டை வழியாகத்தான் நாங்கள் சண்டை போட்டுக்கொள்கிறோம்.

ஈயத்தை உருக்கி டேங்க்கை அடைக்க நெருப்பு வேண்டும். பெட்ரோலைக் காலி செய்துவிட்டால் போதும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். காலி டேங்க்தான் எமன். உள்ளே தங்கியிருக்கும் கொஞ்சம் ஆவி போதும், கூரை போய்விடும், கூடவே ஆளும். அதனால் அவர் முதலில் சோப்புக் கலந்த வெந்நீரை ஊற்றி, உள்ளே ஒரு முழம் சங்கிலியைப் போட்டுக் குலுக்கிக் கழுவுவார். கவிழ்த்துக் காயவைப்பார். பிறகு டேங்க்கின் வாயில் மூக்கை வைத்து, கண்ணை மூடி ஒரே இழுப்பு. "சுத்தம்" என்றால் கேஸ் டார்ச்சை எடுப்பார். இல்லையென்றால் மறுபடி கழுவல். டேங்க்கில் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் சூட்டைக் குடித்துவிடும், ஈயம் பிடிக்காது என்பது இவர் கட்சி. ஆக, அவர் உயிருக்குக் காவல் அந்த மூக்கு ஒன்றுதான்.

சும்மா சொல்லக் கூடாது, அது அப்படிப்பட்ட மூக்கு. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மச்சான், பசை டப்பாவ மூடல நீங்க" என்று குரல் வரும். பார்த்தால் மூடியிருக்க மாட்டேன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். தெருவில் யாருக்காவது பெட்ரோல் வாடை அடிக்கிற மாதிரி இருந்தால் தன் மூக்கை நம்புவதில்லை, இவரைக் கூப்பிடுவார்கள். இவர் வாடை இல்லை என்று சொன்னால் இல்லை. நாங்கள் எல்லோரும் கெட்டது அங்கேதான்.

பல் டாக்டரம்மாவின் பச்சை கார் எங்கள் தெருவுக்கு வந்தது போன மாசம். அதற்கு ஐம்பது வயது. புருஷன் வேண்டாம் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக வாங்கியதாக அவரே சொன்னார். சீட் எனக்கு, டேங்க் இவருக்கு. டிக்கிக்கு அடியிலிருந்து டேங்க்கைக் கழற்றிக் கழுவி, மோந்து, அடியில் துருப்பிடித்த மூன்று ஓட்டைகளை ஈயம் வைத்து அடைத்தார். உள்பக்கம் படிந்து இறுகுகிற சீலரை ஊற்றி, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி இப்படியும் அப்படியும் புரட்டி, இரண்டு நாள் காயவிட்டு மாட்டிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா திரும்பி வந்தார்.

"வண்டிக்குள்ள உக்கார முடியல. பெட்ரோல் நாத்தம்."

மோப்பம் டிக்கிக்குள் தலையை விட்டார். ஒரு இழுப்பு. "ஒண்ணுமில்லயே டாக்டரம்மா."

நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு நாற்றம் குப்பென்று அடித்தது. ஆனால் அவர் இல்லை என்கிறாரே! காலையிலிருந்து பசையோடு மல்லுக்கட்டிய என் மூக்கைத்தான் சந்தேகப்பட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்று நானும் ஒத்து ஊதினேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

அந்த அம்மா விடவில்லை. மோப்பம் டேங்க்கை மறுபடி கழற்றி, காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரு குமிழி வரவில்லை. மாட்டினார். நாற்றம் போகவில்லை. டேங்க் ஒழுகவில்லை, ஆனால் நாறுகிறது. டாக்டரம்மாவுக்கு நாறுகிறது, எனக்கு நாறுகிறது, அவருக்கு நாறவில்லை. எனக்குத் தலை சுற்றியது. அந்த வாரம் முழுக்கத் தப்பும் தவறுமாகத் தைத்தேன். கறுப்பு சீட்டுக்கு வெள்ளை நூல் ஓடியிருக்கிறது, கவனிக்கவே இல்லை.

இதற்கு நடுவில் என் தங்கை வேறு. "அண்ணே, அடுப்புல பால் தீஞ்சு வீடே புகையா கெடக்கு. இவரு பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. வேணும்னே பண்றாரு."

"எந்த ஆம்பிளதான் பாலப் பாத்திருக்கான், போம்மா" என்று அனுப்பிவிட்டேன். பெரிய புத்திசாலி நான்.

மறுவாரம் மோப்பம் ஒரு முடிவுக்கு வந்தார். "சீலர உரிச்சு எடுத்துட்டு, சுத்தித் தகரம் சேர்ற தையல் பூராவும் ஈயம் ஓட்டிடறேன் மச்சான். அப்ப நாறுதான்னு பாப்போம்." தின்னர் ஊற்றிச் சீலரை உரித்தார். உரிக்கும்போது ஒரு ஈய ஒட்டும் கூடவே வந்துவிட்டது. கழுவினார், காயவைத்தார். டாக்டரம்மா வண்டியைப் பார்க்க வந்து நின்றார். நான் தடுப்பின் ஓட்டையில் கண்ணை வைத்தேன்.

மோப்பம் டேங்க்கின் வாயில் மூக்கை வைத்து இழுத்தார். "சுத்தம்" என்றார். டார்ச்சை எடுத்தார். லைட்டரைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு மூக்கு எரிந்தது. அவருக்கு எப்படி எரியாமல் இருக்கும்? யாரை நம்புவது? இருபத்திரண்டு வருஷத்து மூக்கையா, என் அரைகுறை மூக்கையா? அந்த நேரத்தில் மனசு எவ்வளவு முட்டாள்தனமாக ஓடுகிறது! நாம் கத்தி, அவர் சரியாக இருந்துவிட்டால் மானம் போகுமே என்றுகூட யோசித்தேன்.

"மாப்ள! கொளுத்தாதீங்க!"

ஓடிப் போய் லைட்டரைப் பிடுங்கினேன். அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "எனக்கே பாடம் எடுக்கிறீங்களா? போய் சீட்டத் தைங்க!"

டாக்டரம்மா பையிலிருந்து இரண்டு பஞ்சை எடுத்தார். ஒன்றைத் தண்ணீரில் நனைத்தார். இன்னொன்றில் பல்வலிக்கு வைக்கிற கிராம்புத் தைலத்தை ஊற்றினார். எனக்கு நாலடி தள்ளி நின்றும் கண்ணில் நீர் வந்தது.

"மோந்து பாத்துச் சொல்லுங்க."

முதலில் ஒன்று, பிறகு மற்றது, மறுபடியும் முதல் பஞ்சு.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். எங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன நாளா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தெரியல டாக்டரம்மா. நான் காய்ச்சல்ல படுத்தேனே, அதுக்கு அப்பறமா இருக்கும். அஞ்சு மாசம். ஆனா வாடை வர்ற மாதிரியேதான் இருக்கு. சோப்பப் பாத்தா சோப்பு வாடை வருது. காப்பியப் பாத்தா காப்பி வாடை வருது. அது மூக்குல வருதா, நெனப்புல வருதான்னு எனக்கே புரியல. கழுவின டேங்க்கப் பாத்தா சுத்தம்னுதான் தோணுது."

அஞ்சு மாசம். அதில் எத்தனை டேங்க் என்று நான் எண்ணப் பார்த்து, பயந்து நிறுத்திவிட்டேன்.

நாற்றம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்ததும் டாக்டரம்மாதான். டிக்கிக்குள் குனிந்து, பெட்ரோல் ஊற்றும் குழாயையும் டேங்க்கையும் இணைக்கிற ரப்பர் ஹோஸைத் திருப்பினார். அடிப்பக்கம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இரண்டு விரல் நீள ரப்பர். பழைய மோப்பமாக இருந்தால் வண்டி தெருவில் திரும்பும்போதே சொல்லியிருப்பார்.

புது ஹோஸ் வந்துவிட்டது. ஆனால் உரிந்துபோன ஒட்டை மறுபடி வைத்தாக வேண்டும். "தண்ணி நெறச்சு வச்சுப் பண்ணுங்களேன்" என்றேன். "ஈயம் நிக்காது மச்சான்" என்றார் மெதுவாக. இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வந்தார். கழுவுகிற சத்தம், சங்கிலி குலுங்குகிற சத்தம், வெகு நேரம். பிறகு ஓட்டை வழியாகக் குரல்.

"மச்சான், கொஞ்சம் வந்து மோந்து பாக்கறீங்களா?"

போனேன். வாசலில் தங்கை நின்றிருந்தாள். டேங்க்கின் வாயில் மூக்கை வைத்தேன். சோப்பு. சோப்புக்கு அடியில் வேறு ஏதோ. பெட்ரோலா? என் மீசையில் ஒட்டிய பசையா? இன்னொரு தடவை இழுத்தேன். இப்போது ஒன்றுமே இல்லை. இல்லையா, இருக்கிறதா? நிமிர்ந்தால் அவர் பற்றவைக்காத டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார். சின்ன வார்த்தை, அவர் தினம் நாலு தடவை சொன்ன வார்த்தை. என் வாயிலிருந்து வரவே இல்லை.

"இன்னொரு தடவ கழுவிடுங்க மாப்ள" என்றேன்.

அன்றைக்கு அது ஐந்தாவது கழுவல். மறுபேச்சுப் பேசாமல் வாளியை எடுத்தார். நான் சொன்னதை அவர் சண்டை போடாமல் கேட்டது அதுதான் முதல் முறை. எனக்கு அழுகை வந்துவிட்டது.