கேட்டில் மாட்டிய துடிப்பு

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் நான் போர்மேனாக இருக்கும் பட்டாசு ஆலைக்குச் சைக்கிளில்தான் போவேன். இதயத்துடிப்பை அளக்கும் பட்டையை நெஞ்சில் கட்டிக்கொண்டால் கைக்கடிகாரத்தில் எண் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அதே சாலையில் ஓடினால் 155 வரை ஏறும். சைக்கிளில் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் 135ஐத் தாண்டாது. களைப்பு ஒன்றுதான், எண் மட்டும் ஏன் வேறு? இதையே யோசித்துக்கொண்டு ஒருநாள் ஆலைக்கு வந்து சேர்ந்தேன்.

பேட்டரி உள்ள எதையும் ஆலைக்குள் கொண்டுபோகக் கூடாது. செல்போனையும் கடிகாரத்தையும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காக அங்கே பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நாலு எட்டு வைத்திருப்பேன்.

"அண்ணாச்சி, நில்லுங்க! கடிகாரத்தைக் கழட்டிக் குடுத்திட்டீக. இதுல 92ன்னு இன்னும் துடிக்குதே, இது யாரு துடிப்பு?"

பருத்திச் சட்டைக்குள் கைவிட்டேன். பட்டை நெஞ்சிலேயே இருந்தது, அதன் பேட்டரியோடு. ஆட்களை நன்றாகத் தடவிப் பார்த்து அனுப்பச் சொல்லி இவரிடம் தினமும் கத்துகிறவன் நான்தான்.

"என்னோடதுதான்," என்றேன்.

"110... 128... ஏறுது அண்ணாச்சி!"

வெளியே வந்து பட்டையை அவிழ்ப்பதற்குள் 141 ஆகிவிட்டது. மிதித்துத் தொடாத எண்ணை நின்றே தொட்டிருந்தேன்.

அவர் பட்டையை வாங்கி வைத்துவிட்டு, கடிகாரத்தை உற்றுப் பார்த்தார்.

"இப்பத் துடிப்பே இல்ல அண்ணாச்சி. இனிமே உள்ள போங்க."